தேசப்பன் படம் இருந்த டப்பா

போன வாரம் திவ்யா போன் செய்தாள். படூர் ஆபீஸில் நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். "அக்கா, இப்பல்லாம் மெஷினே கேட்டகரி போட்டுடுது. நாங்க பாத்துட்டு ஓகே குடுக்கறதோட சரி. புதுசா சேந்தவங்களுக்கு எது எதுக்குள்ள ஏன் போகுதுன்னே புரியல. அந்தக் காலத்துல நீங்க எப்படிப் பண்ணீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன், ஆபீஸ் பேஜ்ல போடலாம்" என்றாள்.

அந்தக் காலமாம். ஆபீஸ் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு கூட எனக்கு இன்னும் மறக்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன். ஊரப்பாக்கத்து வீட்டில் உட்கார்ந்து கண்ணுக்கு மருந்து விட்டுக்கொள்வதைத் தவிர வேறு வேலையும் இல்லை. டாக்டர் கண் வறண்டுபோயிருக்கிறது என்கிறார். வருஷக்கணக்காக இமைக்காமல் புலியையும் கொக்கையும் முறைத்தால் வறளாமல் என்ன செய்யும்?

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். செங்கல்பட்டு பஜாரில் அத்தாவுக்கு இரும்புச் சாமான் கடை. நான் விலங்கியல் படிக்கப் போகிறேன் என்றபோது, "தவளைய அறுத்துப் படிச்சு இன்னா பண்ணப் போற நூரு?" என்று கேட்டார். ஆனாலும் படித்தேன். நிக்காஹ் ஆனது, பிள்ளைகள் ஆனார்கள், அவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகு படூரில் ஒரு படக் காப்பகம் ஆள் எடுக்கிறது என்று யாரோ சொல்லிப் போனேன். நாடெங்கிலும் இருந்து போட்டோகிராபர்கள் வனவிலங்குப் படங்களை இன்டர்நெட்டில் ஏற்றுவார்கள். பத்திரிகைக்காரர்களும் பாடப்புத்தகம் போடுகிறவர்களும் தேடி வந்து எடுத்துக்கொள்வார்கள். ஏற்றிய படத்தை அதற்கு உரிய இடத்தில் வைப்பது எங்கள் வேலை. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் என்னை அறிமுகப்படுத்தும்போது, "நம்ம நூர்ஜஹான், கம்ப்யூட்டர்ல புலி மேய்க்குது" என்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

கேட்டகரி என்று கம்பெனி சொன்னதை நாங்கள் டப்பா என்போம். டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் இன்னொரு டப்பா. விலங்குகள் என்று திறந்தால் ஊர்வன, அதற்குள் ஆமைகள், அதற்குள் கடல் ஆமைகள், அதற்குள் பங்குனி ஆமை. நம் கடற்கரையில் முட்டையிட வருகிறதே, அதுதான். அதற்குள்ளும் முட்டையிடுவது தனி, குஞ்சுகள் தனி, செத்துக் கரை ஒதுங்கியவை தனி. படத்தை எவ்வளவு ஆழம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு ஆழம் கொண்டுபோய் வைக்க வேண்டும். உள் டப்பாவில் வைத்ததை வெளி டப்பாவிலும் வைக்கக் கூடாது. எந்த ஆமை என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் 'கடல் ஆமைகள்' என்ற இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஊகம் கூடாது. படம் எடுத்தவர் எழுதியிருப்பதை அப்படியே நம்பவும் கூடாது. சின்னக் கொக்கு என்று எழுதியிருப்பார், கால் விரல்கள் கறுப்பாக இருக்கும். சின்னக் கொக்குக்கு விரல்கள் மஞ்சள். படம் பெரிய கொக்கு டப்பாவுக்குப் போகும். வேடந்தாங்கல் சீசன் வந்துவிட்டால் மாதக்கணக்கில் இந்த விரல் பார்க்கிற வேலைதான்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் கமலா மேடம். எங்கள் பிரிவுக்குத் தலைவி. கல்பாக்கத்தில் வீடு. கணவர் அங்கே அணுமின் நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்தவர். மேடம் தினமும் கடற்கரைச் சாலை வழியாக பஸ்ஸில் வந்து, கேளம்பாக்கத்தில் மாறி, எங்கள் எல்லோருக்கும் முன்னால் ஆபீஸில் இருப்பார். தப்பு என்று யாரையும் சொல்ல மாட்டார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொள்வார். மூக்குக் கண்ணாடியைத் தூக்கித் தலைமுடியில் சொருகிக்கொண்டு, திரைக்கு வெகு அருகே முகத்தைக் கொண்டுபோய் உற்றுப் பார்ப்பார். பிறகு, "நூர்ஜஹான், இதை யார் தேடி வருவாங்க?" என்பார். அவ்வளவுதான். பதில் சொல்லும் வரை எழுந்து போக மாட்டார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

ஒருமுறை மதுராந்தகத்துப் பக்கம் இருந்து ஒரு போட்டோகிராபர் நேரிலேயே வந்துவிட்டார். கோபத்தில் மூச்சிரைத்தது. "ஏம்மா, சேத்துல குப்புறப் படுத்துகினு எடுத்த கூழைக்கடா படம். அத்த எங்கியோ அடி டப்பால போட்டு மூடி வெச்சுகீறீங்க. மேல பறவைகள்னு கீது இல்ல, அங்கியே வெச்சா இன்னா?" என்றார். மேடம் அவரை உட்காரவைத்து டீ வரவழைத்தார். "சார், கூழைக்கடா வேணும்ங்கறவர் நேரா கூழைக்கடா டப்பாவுக்குத்தான் வருவார். உங்க படத்தை வாசல்லயே வெச்சா, காக்கா தேடி வர்றவர் கால்ல இல்ல இடறும்?" என்றார். மனுஷன் சிரித்துவிட்டார். டீயைக் குடித்துவிட்டு, அடுத்த மாதம் ஒரு மூட்டை நாரைப் படங்களை அனுப்பிவைத்தார்.

இப்படியே போயிருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. திவ்யா கேட்டதற்கு மேலே சொன்னதே போதும். ஆனால் டப்பா என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது கூழைக்கடா இல்லை, தேசப்பன்தான்.

தேசப்பன் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் பிடிக்கிறவர். குப்பத்தின் பெயர் வேண்டாம். பட்டதே போதும் அவர்களுக்கு. முதலில் அவர் எங்களுக்கு வெறும் படமாகத்தான் வந்தார். பைபர் படகு, குறுக்கே ஒரு பங்குனி ஆமை, அதன் கழுத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்திருக்கும் ஒரு மனிதர், மறு கையில் கத்தி. கரையில் இருந்து நீளமான லென்ஸில் எடுத்திருந்தார்கள். முகம் தெளிவாகத் தெரிந்தது. எடுத்தவர் 'மீனவர், ஆமை' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அந்தப் படத்தை வைத்தது நான்தான். பங்குனி ஆமைக்குள் 'மனிதரும் ஆமையும்' என்று ஒரு டப்பா. அதற்குள் வேட்டை, வலையில் சிக்கியவை, மீட்பு என்று தனித்தனியாக இருந்தன. கத்தியைப் பார்த்ததும் வேட்டை என்றுதான் யாருக்கும் தோன்றும். நான் படத்தைப் பெரிதாக்கினேன். ஆமையின் துடுப்பிலும் கழுத்திலும் வலை இறுகியிருந்தது. கத்தி முனை தோலில் இல்லை, வலை நூலில் இருந்தது. இரண்டு நூல் ஏற்கெனவே அறுந்து தொங்கியது. மேடத்தைக் கூப்பிட்டேன். வந்து, கண்ணாடியைத் தலைக்கு ஏற்றி, பார்த்தார். "விடுவிக்கறார்" என்றார். "அப்ப மீட்புல போடவா மேடம்?" என்று கேட்டேன். ஆமை தண்ணீருக்குத் திரும்பியது படத்தில் தெரிந்தால் மட்டுமே மீட்பு என்பது எங்கள் விதி. இதில் தெரியவில்லை. அதனால் 'வலையில் சிக்கியவை' டப்பாவில் வைத்தேன். சரியான டப்பா அதுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

சில வருஷம் கழித்துத் தலைமை அலுவலகம் ஓர் ஆலோசகரை அனுப்பியது. கோட்டு போட்ட ஆள், நல்ல மனிதர்தான், எல்லோருக்கும் சாக்லேட் வாங்கி வந்தார். டப்பாக்கள் ஆழமாகப் போகின்றன, தேடுகிறவர்கள் பாதியிலேயே ஓடிவிடுகிறார்கள், குறைந்த படம் இருக்கும் டப்பாக்களைப் பக்கத்து டப்பாவோடு சேர்த்துவிடலாம் என்றார். வலையில் சிக்கியவற்றை வேட்டையோடு சேர்க்கும் இடம் வந்தது. மேடம் எழுந்து நின்றார்.

"வேட்டைங்கறது வேணும்னு செய்யறது. வலையில சிக்கறது அப்படி இல்ல" என்றார்.

"மேடம், ரெண்டுலயும் ஆமைக்குத்தானே கஷ்டம்? பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தேவையில்ல" என்றார் அவர்.

மேடம் இன்னும் ஏதோ சொன்னார். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். சாயங்காலம் அந்த டப்பாவைப் பிடித்து இழுத்து வேட்டைக்குள் கொட்டிவிட்டார். எங்கள் வேலையில் உள்ள ஆபத்தே இதுதான். படத்தை யாரும் தொடவில்லை, திறந்துகூடப் பார்க்கவில்லை. டப்பாவைத்தான் நகர்த்தினார்கள். உள்ளே இருந்த தேசப்பன் கத்தியோடு அப்படியே வேட்டைக்காரர் ஆகிவிட்டார். வீட்டை இடம் மாற்றும்போது உள்ளே தூங்குகிறவனை எழுப்பிக் கேட்காமல் தூக்கிப்போன மாதிரி.

ஆமை சீசன் ஆரம்பித்த ஒரு காலை, மேடம் ஆபீசுக்குள் வந்தவர் பையைக்கூட இறக்கவில்லை. நேராக என் மேஜைக்கு வந்தார். "நூர்ஜஹான், கத்தியோட ஒரு மீனவர் படம் இருந்துதே, இப்ப எங்க இருக்கு, பாரு" என்றார். குரல் சரியில்லை. தேடினேன். 'வேட்டை' என்று வந்தது. மேடம் அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். வரும் வழியில் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஆமைப் பாதுகாப்பு என்று யாரோ சிலர் சேர்ந்து சாலையோரம் ஒரு பேனர் வைத்திருக்கிறார்கள். 'இவர்களிடமிருந்து ஆமைகளைக் காப்போம்' என்று கொட்டை எழுத்து. கீழே தேசப்பன் முகம். எங்கள் காப்பகத்தில் இருந்து எடுத்த படம்.

பேனர் வைத்தவர்களுக்கு மேடமே போன் செய்தார். "வேட்டைன்னு உங்க சைட்லதாங்க இருந்துச்சு" என்றார்கள். பேனரை எடுத்துவிடுகிறோம் என்றார்கள், எடுத்தும் விட்டார்கள். தலைமை அலுவலகத்துக்குச் சொன்னபோது, படத்தைச் சத்தமில்லாமல் இடம் மாற்றிவிடுங்கள், யாரிடமும் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள், கேஸ் ஆகிவிடும் என்று பதில் வந்தது. மேடம் டப்பாவைப் பழையபடி பிரித்தார். தேசப்பன் படத்தை மட்டும், வாழ்க்கையில் முதல்முறையாக விதியை மீறி, மீட்புக்குள் வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "சனிக்கிழமை வர்றியா? அந்த ஆளைப் பார்த்துச் சொல்லிட்டு வந்துடலாம்" என்றார். வேலைக்கு உலை வைக்கிற காரியம் என்று இரண்டு பேருக்குமே தெரியும். எங்கள் வீட்டுக்காரர், "உனக்கு ஏன் இந்த பேஜாரு?" என்றார். எனக்கும் போக மனமில்லைதான். மேடம் தனியாகப் போவாரே என்று போனேன்.

எந்தக் குப்பம் என்று மேடம் படம் எடுத்தவரிடம் கேட்டுவைத்திருந்தார். குப்பத்தில் விசாரித்தபோதுதான் முழு விஷயமும் தெரிந்தது. பேனரைப் பார்த்துவிட்டு ஆட்கள் வந்து வந்து கேட்டிருக்கிறார்கள். ஊருக்கே கெட்ட பெயர். ஊர்க் கூட்டம் போட்டு, இவன் மேல் குற்றமில்லை என்று தெரியும் வரை கடலுக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். தேசப்பன் பங்கு வைத்திருந்த படகு அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. அவர் கூரைக்கு அடியில் உட்கார்ந்து அடுத்தவர் வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் பார்த்ததைவிட ஒல்லி. எங்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி வலையைப் பார்த்தார். நாங்கள் யார் என்று மேடம் சொன்னதும் அவர் மனைவி கன்னியம்மாதான் பேசினார். "நீங்கதானா அது? வாங்க, வந்து ஊராண்ட சொல்லுங்க. எங்களாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது?"

வலை போட்டுவைக்கும் கொட்டகையில் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். ஊர்த் தலைவரை நாட்டார் என்பார்கள். வயதானவர், கண் மட்டும் கூர்மை. "இன்னாம்மா இது? ஆமைய அறுத்தான்னு நீங்களே போடுவீங்க. இல்லன்னு நீங்களே வந்து சொல்லுவீங்க. எத்த நம்பறது?" என்றார்.

"நாங்க போட்டது தப்புங்க. அதைச் சொல்லத்தான் வந்தோம்" என்றார் மேடம். ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று சொன்ன கம்பெனியின் அடையாள அட்டை அவர் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

எப்படித் தப்பாச்சு என்று கேட்டார்கள். மேடம் கேட்டகரி என்று ஆரம்பித்துத் தடுமாறினார். நான் குறுக்கே புகுந்தேன். "கரையில மீனைக் கூடை கூடையா பிரிச்சு வெக்கறீங்க இல்ல? நாங்க இவர் படத்தை சரியான கூடையிலதான் வெச்சோம். மேலேருந்து ஒருத்தர் வந்து கூடையோட தூக்கி வேற வண்டில ஏத்திட்டார். வண்டி மேல வேட்டைன்னு எழுதியிருந்தது. உள்ள இருக்கறது என்னன்னு யாரும் பாக்கல."

"கூடைய மாத்தி ஏத்தினானே, அவன் வந்துகீறானா?" என்றார் நாட்டார்.

"வரலிங்க."

"எப்டி வருவான்?" என்றார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது.

மேடம் லேப்டாப்பைத் திறந்து படத்தை முடிந்த மட்டும் பெரிதாக்கினார். எல்லோரும் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் திரையில் விரலை வைத்துத் தேய்த்தார். "அட, இது நம்ம தேசப்பன் வலைதான்பா. இவனும் நானுந்தானே தச்சோம், இந்த முடிச்ச பாரு. தன் வலையவே அறுத்துகினு கீறான். வேட்டைக்காரன் எவனாச்சும் தன் வலைய அறுப்பானா?" என்றார். கொட்டகை முழுவதும் பேச்சு எழுந்தது. நாட்டார் குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தார். பிறகு, "நாளைக்கு போட்ல ஏறுடா" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. கன்னியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மேடம் லேப்டாப்பை மூடினார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

பஸ் ஏற்றிவிட தேசப்பன் சாலை வரை வந்தார். பேனர் இருந்த இடத்தில் இரண்டு சவுக்குக் கம்புகள் மட்டும் நின்றன. அங்கே வந்ததும் கேட்டார்.

"மேடம், படம் இப்ப எதுல கீது?"

"மீட்புல வெச்சிருக்கோம். காப்பாத்தினவங்க படமெல்லாம் அதுலதான் இருக்கு" என்றார் மேடம். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

"எதுலயும் வேணாம் மேடம். எடுத்துடுங்க."

படம் எடுத்தவருக்குச் சொந்தமானது, அவரைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார் மேடம். தேசப்பன் தலையாட்டினார். நம்பிய மாதிரி தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி பஸ் வருவது தெரிந்தது. அவர் சாதாரணமாக, நாளைக்குக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"இனிமே வலைல ஆமை மாட்டிச்சின்னா நான் கத்திய எடுக்க மாட்டேன் மேடம். எவன் எங்கேந்து போட்டா புடிக்கிறான்னு யாருக்குத் தெரியும்? அது பாட்டுக்கு கெடக்கட்டும். செத்தப்புறம் வலையோட அந்த எடத்த வெட்டி வுட்டுட்டு போயிகினே இருப்பேன்."

"அப்படிச் சொல்லாதீங்க. இவ்வளவு நாள் நல்லது பண்ணியிருக்கீங்க" என்றார் மேடம்.

"உங்களுக்கு இன்னா மேடம். மாத்தி வெச்சுட்டீங்க, போறீங்க. எனக்குப் புள்ளைங்க கீது."

பஸ் வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தோம். மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் ஏற வேண்டிய பஸ்ஸே அது இல்லை, கல்பாக்கம் எதிர்த்திசை. என்னோடு ஏறியதே அவருக்கு உறைக்கவில்லை. மாமல்லபுரம் வந்த பிறகு நான்தான் சொன்னேன்.

கம்பெனி மேடத்தை வேலையை விட்டு எடுக்கவில்லை. யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சில மாதத்தில் அவரே கண் முடியவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் நாற்காலிக்கு நான் வந்தேன். படத்தை நீக்க முடியாது என்று போட்டோகிராபர் சொல்லிவிட்டார். அது இன்னும் மீட்பிலேயே இருக்கிறது.

அடுத்த சீசனில் அந்தக் கடற்கரையில் இருந்து செத்த ஆமைப் படங்கள் வந்தன. வழக்கமாக வருவதுதான். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, கழுத்தையும் துடுப்பையும் பார்த்து, வலைத் தடயம் இருந்தால் ஒரு டப்பா, இல்லாவிட்டால் ஒரு டப்பா. ஒரு படத்தில் ஆமையின் இடது துடுப்பில் வலைத் துண்டு ஒன்று சுற்றியிருந்தது. சுற்றிலும் நேராக, நிதானமாக வெட்டியிருந்தார்கள். உடம்பில் இறுகியிருந்த நூல்களில் ஒன்றில்கூடக் கத்தி படவில்லை. முடிச்சைப் பெரிதாக்கினேன். கொட்டகையில் அந்த ஆள் விரல் வைத்துக் காட்டியது எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஊகம் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண் கரித்தது, அன்றைக்கு அது வறட்சியால் இல்லை. படத்தைப் பிடித்து 'வலையில் சிக்கியவை' டப்பாவில் வைத்துவிட்டு அடுத்ததைத் திறந்தேன்.